எழும்பூர் முதல் கொழும்புக் கோட்டை வரை: ஒரு பயணச்சீட்டு விண்ணப்பம்

பெறுநர்: பொது மேலாளர், தெற்கு ரயில்வே, சென்னை.
நகல்: பொது முகாமையாளர், இலங்கைப் புகையிரதத் திணைக்களம், கொழும்பு.
பொருள்: பொறியியல் பணி முடியும் தேதி கேட்டல் – தொடர்பாக.
பார்வை: 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல்.

ஐயா,

சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஒரு பயணச்சீட்டு வேண்டும். படுக்கை வசதி, கீழ் பெர்த் கிடைத்தால் நலம். 60 நாளுக்கு மேல் முன்கூட்டிப் பதிவு செய்ய முடியாது என்பது தங்கள் விதி. ஆகவே சேவை தொடங்கும் தேதியைத் தெரிவித்தால், அதிலிருந்து 60 நாளைக் கழித்து, அன்று காலை 8 மணிக்குக் கவுண்டரில் முதல் ஆளாக நிற்பேன்.

நான் புதிய தடம் எதுவும் கேட்கவில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஒரே சீட்டு வாங்கி, தனுஷ்கோடித் துறை வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலிலும், மறுபடி ரயிலிலுமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். அது பொற்காலம் என்றும் நான் சொல்ல வரவில்லை. தோட்டத்துரை மெத்தையில் சாய்ந்தபடி போன அதே வழியில்தான், தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு என்று அடைத்துவைத்து அனுப்பினார்கள். அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டாம். சீட்டு மட்டும் போதும்.

பார்வையில் கண்ட புயலன்று, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டார்கள். அதில் கேலிக்கு இடமில்லை. அதற்குப் பின் நடந்ததில் நிறைய இடமிருக்கிறது. உருக்குலைந்து கிடந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் ரயில் ஓடும்படி செய்தார். மிச்சமிருந்த தனுஷ்கோடித் தடத்துக்கு 60 ஆண்டுகள் போதவில்லை. கடற்கரை – தாம்பரம் இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயிலை நிறுத்தி லைன் பிளாக் எடுத்தாலே பத்திரிகைகளுக்குக் குறிப்பு அனுப்புகிற அலுவலகம் தங்களுடையது. இந்தப் பிளாக்குக்கு மட்டும் ஏன் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு குரலும் எழவில்லை? அன்று கொழும்புக்குச் சீட்டு வாங்கிவைத்திருந்த யாராவது இன்றும் இருந்தால் அவருக்காகவும் கேட்கிறேன்: மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், வண்டி புறப்படுமுன் டி.டி.ஆர். என்னும் கட்டணக் கோரிக்கையைப் பதிந்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். தனுஷ்கோடியிலிருந்து இணைப்புக் கப்பல் இன்னும் புறப்படவே இல்லை. கெடு முடியவில்லை என்றுதானே பொருள்?

புயலுக்குப் பின் கப்பல் ராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. அக்கரையில் தலைமன்னார்த் தடமும் போரில் அழிந்தது. பிறகு இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான் அங்கே புதிதாகத் தண்டவாளம் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மறுபடி ரயில் வந்தது. தலைமன்னாரில் இறங்கி நின்றால் எதிரே இந்தியாதான். இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்.

அதன்பின் இரு கரையிலும் போட்டி போட்டுக்கொண்டு வேலை நடந்தது. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினீர்கள். புயலடித்த இரவுக்கு மறுநாளையே தேர்ந்தெடுத்தது யாரோ, அறியேன். ராமேசுவரம் போக வேண்டியவர்கள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏறினார்கள். அடுத்த மாதமே இலங்கையில், தலைமன்னாரிலிருந்து கொழும்பு போகும் வழியிலுள்ள அனுராதபுரம் – ஓமந்தை தடத்தைப் பணிக்காக மூடினார்கள். அது முடிந்ததும் மாகோ – அனுராதபுரம் தடம் மூடப்பட்டது. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயணம் திட்டமிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு ஒத்திசைவாக இரு நாட்டு ரயில்வேக்களும் வேறெதையும் செய்ததில்லை.

பலன் கிடைத்த நாள் 2025 ஏப்ரல் 6. அன்று இந்தியப் பிரதமர், இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவோடு அனுராதபுரத்தில் 128 கிலோமீட்டர் மாகோ – ஓமந்தை தடத்தைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் ராமேசுவரம் வந்து புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். என் பயணத்தின் இரு துண்டுகளுக்கும் ஒரே ஆள், ஒரே நாளில் கொடியசைத்திருக்கிறார். இடையிலிருந்த கடலை அவரும் பறந்துதான் கடந்தார். கப்பல்களுக்கு வழிவிடப் புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போகும் கப்பல் ஒன்றுதான் குறை.

ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் தடம் போட 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மாநில அரசுக்கு விருப்பமில்லை என்று அது கிடப்புக்குப் போனது. மணல் நகரும் அந்தக் கரையில் தண்டவாளம் வேண்டாம் என்பதில் நியாயம் உண்டு. நானும் அதை வற்புறுத்தவில்லை. ராமேசுவரத்தில் ஒரு கப்பல் நின்றால் போதும். 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் கூட்டறிக்கையிலேயே ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் சேவையை விரைவில் தொடங்க அதிகாரிகள் ஆவன செய்வார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். "ஆவன செய்தல்" என்றால் எத்தனை ஆண்டு என்று தங்கள் கையேட்டில் இருக்குமே.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, ஒரு வாரம்கூட ஓடாமல் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை வந்தால் ஓய்வெடுக்கும். நாகைக்கும் ரயில் உண்டு, காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கும் ரயில் உண்டு. ஆனால் மூன்றுக்கும் மூன்று சீட்டு, மூன்று இடத்தில். ஒன்று தாமதமானால் மற்ற இரண்டும் காத்திருக்காது. நூறாண்டுக்கு முன் ஒரே சீட்டில் முடிந்த வேலை இது.

ஆகவே ஐயா, தாங்களும் கொழும்பு அதிகாரியும் ஒருமுறை உட்கார்ந்து பேசி, கப்பல் எப்போது, ஒரே சீட்டு எப்போது என்று ஒரு தேதி குறித்து அனுப்பக் கோருகிறேன். முடியாதென்றால் "இச்சேவை நிரந்தரமாக ரத்து" என்று ஒரு வரி, அலுவலக முத்திரையோடு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
காத்திருப்போர் பட்டியலில் உள்ள பயணி