தனி வண்டி, தனி வழிகாட்டி

என் மச்சினன் எகிப்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இட்லி சாப்பிட்டதில்லை. தட்டில் இட்லி விழுந்ததும் அவன் செல்போனில் பிரமிடு எழும்பும்.

"பிரைவேட் டூருங்க மாமா. ஒரு வண்டி, ஒரு டிரைவரு, ஒரு கைடு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

எடப்பாடியில் தறி ஓட்டித் துண்டு விற்கிறவனுக்கு இந்தத் தனிமை பெரிய அதிசயமாகப் பட்டிருக்கிறது. லக்சரில் காலையில் கார்னாக் கோயில், பிறகு நைலைத் தாண்டி மன்னர்களின் பள்ளத்தாக்கு. அங்கே மலையைக் குடைந்த கல்லறைகள் மட்டும் அறுபதுக்கு மேல். துட்டன்காமன் கல்லறையை 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த கதையை, கூட நின்று மண் அள்ளியவன் போலச் சொன்னான்.

"நைலுக்குக் கிழக்குக் கரையில உசுரோட இருக்கறவங்க. மேற்குக் கரையில செத்தவங்க. பொழுது சாயற பக்கம்கறதால அப்படி."

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "ஏன்டா, காவேரிக்குக் கிழக்குக் கரை பூலாம்பட்டி. பரிசல் ஏறி அந்தப் பக்கம் எறங்குனா நெருஞ்சிப்பேட்டை. உங்க பெரியக்காளை அங்கதான்டா குடுத்திருக்குது."

"அம்மா, அது எகிப்துல."

"எங்கயா இருந்தா என்ன? காசு குடுத்துச் சுடுகாட்டுக்குப் போனியே, வந்து குளிச்சியா?"

பேச்சை மாற்ற அவன் இரண்டாம் ராம்சேஸைக் கொண்டுவந்தான். 3,200 வருடத்துக்கு முன் இறந்த மன்னன். பதப்படுத்தி வைத்த அவன் உடலின் மூக்குத் துளைகளில் மிளகு இருந்திருக்கிறது.

"சளியா?" என்றார் அத்தை.

சளி இல்லை, உடலைக் கெடாமல் வைக்கிற வேலையில் அதுவும் ஒன்று. ஆனால் மிளகுக் கொடியின் சொந்த ஊர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை என்பதால் எனக்கு ரோமம் சிலிர்த்தது. பிற்காலத்தில் ரோமானியர் எகிப்தை ஆண்டபோது மிளகு கப்பல் கப்பலாகவே போனது. செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில், இந்திய ஜாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இதை நான் சொன்னதும் அத்தை கணக்கை முடித்துவிட்டார்: "நம்ம மொளகு போன ஊருக்குத்தான் நீ இத்தனை செலவழிச்சுப் போயிட்டு வந்திருக்கற. அது காசு சம்பாரிச்சுது, நீ தொலைச்சுட்டு வந்திருக்கற."

இதையெல்லாம் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "நாயித்துக்கெழமை வண்டியெடு மாப்ள. நம்மூரு டூரு எப்படின்னு காட்டறேன்."

அதுவும் தனி டூர்தான். தனி என்றால் எங்கள் வழக்கப்படி பதினோரு பேர், ஒரு தூக்குவாளி புளிச்சோறு, ஒரு கட்டு வாழையிலை.

கொங்கணாபுரம் தாண்டி சின்னப்பம்பட்டியில் பெரியப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். "இதுதான் நம்ம கிரிக்கெட் நடராஜன் ஊரு." பழங்காலச் சின்னம் எதுவும் இல்லை. டிரைவர் மட்டும் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஸ்டம்பைப் பார்த்து இடது கையால் யார்க்கர் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் மச்சினனின் செல்போன் முதல் தடவையாகப் பைக்குள் போனது. இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டிமுதலிகள் கட்டிய கோயில். நுழைவாசலே யானையும் குதிரையும் இழுக்கிற தேராக நிற்கிறது. கல் சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை. விரலை விட்டால் உருளும், வெளியே வராது. பல் இடுக்கில் உருண்டையை எப்படிச் செதுக்கினான் என்று மச்சினன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுவது ஒரு தூணில், ராமர் வேறொரு தூணில். ராமர் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்றால் ராமர் தெரியமாட்டார். உளியாலேயே ராமரை ஒளிந்துகொள்ள வைத்திருக்கிறான் சிற்பி.

பெரியப்பாவுக்கு இதிலெல்லாம் மனசு நிற்கவில்லை. "மாப்ள, இங்கிருந்து ஒரு சொரங்கம் போகுது. சங்ககிரிக் கோட்டையில போயி ஏறுது."

சங்ககிரிக்காரரைக் கேட்டால் அங்கிருந்து மைசூருக்கு ஒன்று போகும். நம் மாவட்டத்துக் கோயில், கோட்டைகளுக்குச் சொல்லப்படும் சுரங்கத்தையெல்லாம் உண்மையிலேயே வெட்டியிருந்தால் சேலத்தில் ஒரு வீடு நிற்காது. எகிப்தில் கண்ணால் பார்த்தால்தான் கல்லறை. நமக்கு யாரும் பார்த்திராததுதான் சுரங்கம்.

மச்சினன் தன் பங்குக்கு எகிப்தின் அபு சிம்பல் கோயிலை இறக்கினான். வருடத்தில் இரண்டு தடவை, பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளை ஒட்டி, சூரியன் உள்ளே புகுந்து கருவறைச் சிலைகள் மேல் விழும். பெரியப்பா சிரித்தார். இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. மாசி 9, 10, 11 தேதிகளில் மாலை வெயில் நேராக லிங்கத்தின் மேல் விழும். நான் காலண்டரைப் புரட்டினேன். மாசி 10 என்பது பிப்ரவரி 22! எந்தச் சுரங்கத்தையும்விடப் பெரிய சங்கதி இது. பெரியப்பாவோ, "அதென்னமோ பொருந்திருச்சு" என்று நடையைக் கட்டினார்.

மதியம் மேட்டூரில் மீன் வறுவலை முடித்துக்கொண்டு பண்ணவாடி பரிசல் துறைக்குப் போனோம். போகிற வழியில் மச்சினன் மறுபடி அபு சிம்பல். அஸ்வான் அணை கட்டினால் கோயில் முழுகிவிடும் என்று 1964-லிருந்து 1968-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி, திரும்பப் பூட்டினார்களாம். மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். அப்போது இங்கே முழுகிய ஜலகண்டேஸ்வரர் கோயிலை யாரும் அறுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. நீர் வற்றுகிற வருடங்களில் நந்தியும், பக்கத்துத் தேவாலயத்தின் கோபுரமும் தலை நீட்டும்.

நாங்கள் போனபோது அணை நிறையத் தண்ணீர். பெரியப்பா கையை நீட்டினார். "அதோ, அங்கதான் நந்தி."

பதினோரு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். மச்சினன் தண்ணீரைப் படமெடுத்தான். "நந்தி தெரியற மாதிரி ஒருக்கா வரணும் மாமா."

"வாயக் கழுவுடா," என்றார் அத்தை. "நந்தி தெரிஞ்சா வயல்ல நெல்லு தெரியாது. இப்படியே முழுகிக் கெடக்கட்டும் சாமி."

தெரியக் கூடாது என்று கும்பிட்டுவிட்டு வருகிற சுற்றுலாத் தலம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார். "நந்திக்கு அடியில ஒரு சொரங்கம் இருக்குது மாப்ள. நேரா தாரமங்கலம்."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு கேட்டார். "அப்ப இந்தத் தண்ணியெல்லாம் காலையில கோயிலுக்குள்ள வந்திருக்கோணுமேங்க?"

பெரியப்பா அணையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு, எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"தெரியலீங்க சம்பந்தி."