துளையியல்: மூலமும் உரையும்

வாழ்வை அகம், புறம் என்று பிரித்த நம் இலக்கணக்காரர்கள், அகமே சக்கரம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் அது அன்றாடம் நடக்கிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று ஒரு குடித்தனத்தையே வேனுக்குள் அடைத்து ‘மோட்டார் ஹோம்’ என்கிறார்கள். அதை வாங்கியவர் மறுவாரமே டிரில்லிங் மெஷினும் கையுமாகச் சுவரைத் தட்டிப் பார்ப்பது எதனால் என்பதே ஈண்டு ஆய்பொருள். நூற்பா மூன்று. உரை எமது, மூலமும் எமதே என்பதால் பாடபேதம் இல்லை.

1. வேண்டும்வழித் துளை இன்றே, துளைவழி
வேண்டுநர் இன்மை வெளிப்படை என்ப.

துளை என்றது பிளக் பாயின்ட்டை. ஒன்று டி.வி. மாட்டும் மூலையில் இருக்கும். இன்னொன்று சோபா மெத்தையைத் தூக்கினால் தெரியும். தலைமாட்டில் மட்டும் இராது. ஆகவே இரவில் உடையவர் கட்டிலிலும், அவர் செல்போன் அடுப்பங்கரையிலுமாகப் பிரிந்து கிடப்பர். இது பாலைத் திணையின்பாற்படும். அந்நாட்டு பிளக்கோ மூன்று தடித்த கால்களும் வயிற்றுக்குள் ஒரு ஃபியூஸும் உடையது. 1947இல் வகுத்த தரம். அதில் பருத்த சார்ஜர் ஒன்று உட்கார்ந்தால் பக்கத்துத் துளையையும் சேர்த்து மறைக்கும்.

2. துளைபல ஆயினும் மின்அளவு ஒன்றே.

இந்நூலின் உயிர்நிலை இது. வண்டி முகாமில் நின்றதும், ஆரஞ்சு நிற ஒயரை அங்குள்ள கம்பத்திலிருந்து இழுத்துவந்து விலாவில் நீலநிற பிளக்கால் கோப்பர். ஒயரின் வழக்கமான நீளம் 25 மீட்டர். கம்பம் தருவது 16 ஆம்பியர்; சில இடங்களில் 10; ஐரோப்பாவில் 6ஆகச் சுருங்குவதும் உண்டு. 230 வோல்ட்டால் பெருக்குக: 3680, 2300, 1380 வாட். வீட்டுக் கெட்டில் ஒன்றே 3000 வாட் கேட்கும். எனவே 6 ஆம்பியர் கம்பத்தில் அதைச் செருகினால் தண்ணீர் கொதிக்குமுன் குடும்பம் கொதிக்கும். எம்.சி.பி. விழுந்ததும் எழும் முதல் வினா “யார் கெட்டிலைப் போட்டது?” என்பதாம்.

கடா: அஃதேல், கம்பமே இல்லாத காட்டில்?

விடை: பேட்டரி உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று கொள்க. ஈய-அமில வகையாயின் பாதிக்குமேல் உறிஞ்சலாகாது. எஞ்சுவது 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் வைத்து 2000 வாட் ஹேர் டிரையரை ஓட்டினால் கணக்குப்படி 18 நிமிடம். நடைமுறையில் பேட்டரி அவ்வளவு பொறுமை காட்டாது. பேட்டரியிலிருந்து சுமார் 167 ஆம்பியர் பாயும். தலை காய்வதற்குள் பேட்டரி காய்ந்துவிடும்.

3. அசையும் மனைக்கண் இழைபல சிறப்பே.

கட்டின வீடு நிற்கும், இது குலுங்கும். ஒற்றைச் செம்புக் கம்பி குலுக்கலில் நாளடைவில் ஒடியும், திருகும் தளரும். ஆதலால் பல இழை முறுக்கிய ஒயரே இதற்கு உரியது. சுவரென்று பேர்பெற்றது மெல்லிய பலகை. அதன் பின்னால் ஏற்கெனவே ஓடும் ஒயரோ தண்ணீர்க் குழாயோ இருக்கலாம். பாராமல் துளைப்பவர் மின்சாரம் தேடப் போய் ஊற்றுக் காண்பர். முகாமில் ஒயரைச் சுருளோடு விட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் கூடாது. சுருள் சூடேறி உருகும். முழுக்க விரித்துப் போடுக.

முடிபு: தலைமாட்டில் வேண்டியது 12 வோல்ட்டில் ஓடும் யூ.எஸ்.பி. துளை இரண்டு. அடுப்பங்கரைக்கு 230 வோல்ட் துளை ஒன்று கூட்டினால் போதும். அதற்குக் குறைந்த வாட் கெட்டில் வாங்குக. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டிக்கும் கருவிக்கு உட்பட்டே அத்துளை அமைய வேண்டும். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவருக்கு உரை எழுத வராது. ஒயர் இணைக்க வரும்.