காக்கா சுடும் உத்தியோகம்

தமிழ் சினிமாவின் முதல் பின்னணிப் பாடகர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் தப்பு. காக்கா.

1934இல் ஏ. நாராயணன் என்பவர் பூந்தமல்லி ஹைரோட்டில், கீழ்ப்பாக்கம் பக்கம், ஸ்ரீநிவாசா சினிடோன் என்று ஒரு ஸ்டூடியோ போட்டார். (அந்த ரோட்டுக்குப் பெரியார் பெயர் வைத்துப் பல வருஷம் ஆகிறது, அம்பத்தூர்க்காரர்களான எங்களுக்கு இன்னும் அது ‘ஐரோடு’தான்.) அதற்கு முன்பு தமிழ் பேச வேண்டுமென்றால் படக்காரர்கள் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். 1931இல் வந்த ‘காளிதாஸ்’கூட பம்பாய்ச் சரக்குதான். சென்னையிலேயே வாயைத் திறந்த முதல் தமிழ்ப் படம், நாராயணன் எடுத்த ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’. பெருமாள் கல்யாணத்துக்கு மண்டபம் பம்பாயில் பிடித்தால் சொந்தபந்தம் எப்படி வரும்?

ஸ்டூடியோ என்றதும் ஏசி, பஞ்சு ஒட்டிய சுவர், கனத்த கதவு என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். அன்றைக்கு லைட்பாய் சூரியன்தான். சூரியனை உள்ளே விட்டால் கூடவே காக்காவும் வரும். ஊமைப்படக் காலத்தில் அது எத்தனை ‘கா’ போட்டாலும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பேசும் படம் வந்ததும் அதுவும் பேச ஆரம்பித்துவிட்டது. கதாநாயகி உருகி, கண் கலங்கி, ‘சுவாமீ’ என்று இழுத்து முடிப்பதற்குள் மேலிருந்து பதில் வந்துவிடும். அட்வான்ஸ் கேட்கவில்லை, டைட்டிலில் பெயர் கேட்கவில்லை. அப்படி ஒரு கலைஞரை இண்டஸ்ட்ரி அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கலைஞரை அடக்க, கையில் ஏர்கன்னோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு நிறுத்தினார்கள் என்று பழைய கதை சொல்பவர்கள் சொல்வார்கள். உத்தியோகம்: காக்கா சுடுதல். என்னைக் கேட்டால் நம்மூர் சவுண்ட் டிபார்ட்மெண்டின் முதல் அசிஸ்டென்ட் அவர்தான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ‘நாய்ஸ் கேட்’ என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்தும், சில்லறை இரைச்சல் உள்ளே வராது. அவர் அதையே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

டிபார்ட்மெண்டுக்குத் தலை யார் என்பதுதான் விசேஷம். மீனாட்சி என்ற மீனா நாராயணன், முதலாளியின் மனைவி. ‘ஸ்ரீநிவாச கல்யாண’த்தின் ஒலிப்பதிவு அவர் வேலை. இந்திய சினிமாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். மனைவி சொல்வது காதிலேயே விழாத கணவன்மார் ஊரை ஆண்ட காலத்தில், ஒருவர் தன் ஸ்டூடியோவின் மொத்தக் காதையும் மனைவியிடம் கொடுத்திருக்கிறார். நாராயணனுக்கு இதற்காகவே ஒரு சிலை வைக்கலாம். சிலை மேல் யார் உட்காருவார் என்பதுதான் பிரச்சினை.

அந்த அம்மாள் வேலை லேசுப்பட்டதல்ல. அப்போதெல்லாம் சத்தம் ஃபிலிமிலேயே ஒளிக்கோடாகப் பதியும். ‘எங்கே, ஒருமுறை போட்டுக் காட்டு’ என்று கேட்க வழியில்லை. ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்ட பிறகுதான் உள்ளே காக்கா இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அதற்குள் ராஜா மீசையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். போதாததற்கு நடிப்பவரேதான் பாடவும் வேண்டும். ஆர்மோனியக்காரர் புதருக்குப் பின்னால், மிருதங்கக்காரர் மரத்துக்குப் பின்னால், மைக் கிளைக்கு மேலே. பட்டுப்புடவை சரசரக்கும், வளையல் குலுங்கும், கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடும். இத்தனைக்கும் நடுவில் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நல்ல ரெக்கார்டிங் இன்ஜினியர் யார் என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது காக்காவைக் கேட்பவர்.

கேட்டால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். பெரிய வித்வான் கண்ணை மூடிப் பாடி முடித்திருக்கிறார். ‘பிரமாதம், பிரமாதம்’ என்று தயாரிப்பாளர் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ‘ஒன் மோர்’ என்று குரல் கொடுக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! கெட்டிக்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘நீங்க அபாரமாப் பாடிட்டீங்கண்ணே, நம்ம மெஷின்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது.’ பாடகர் சுருதி விலகினாலும் மெஷின் மேல் பழி, வயலின் சறுக்கினாலும் மெஷின் மேல் பழி. வாய் இல்லாத ஜீவன், வாங்கிக்கொள்ளும்.

1938இல் ஏ.வி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனைத் தனியாகப் பாடவைத்துப் பதிவு செய்து, நடிகையை வாயசைக்கச் சொன்னார். பின்னணிப் பாட்டில் காக்காவின் ஏகபோகம் அன்றோடு ஒழிந்தது.

பிறகு வந்தது கோடம்பாக்க சாம்ராஜ்யம். காலை 7 முதல் 1 வரை ஒரு கால்ஷீட், 2 முதல் 9 வரை ஒரு கால்ஷீட். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்து, பாடி, ஒரே டிராக்கில் விழ வேண்டும். கடைசி வரியில் ஒருத்தருக்குத் தும்மல் வந்தால் எல்லோரும் பல்லவிக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த நாள் இன்ஜினியருக்கு மிக்ஸிங் என்றால் பாதி நாற்காலியைத் தூக்கிப் போடுவது. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தவில்காரரை ‘கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம், அந்தக் கதவுகிட்ட’ என்று வராந்தா வரை தள்ளியவருக்குப் புத்தகம் எதற்கு? தன்னைத்தான் ஒதுக்குகிறார்கள் என்று தவில்காரர் முகம் சுண்டாமல் தள்ள வேண்டும். அதுதான் கலை.

1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது சத்தம் நாலு பக்கமிருந்தும் வந்தது. அந்தத் தலைமுறையின் பெரிய காது எச். ஸ்ரீதர். ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ உட்பட நாலு தேசிய விருது. 2008இல் போய்விட்டார். அவர் பதிவு செய்த ரஹ்மான் பாட்டைக் கேட்டு ‘என்னமா இருக்கு’ என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இந்தத் தொழிலில் தப்பு நடந்தால்தான் ஆளைத் தேடுவார்கள்.

அதே ஐரோட்டில் நேராக மேற்கே போனால், பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்தில் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி. பிக்பாஸ் வீடு அங்கேதான். அங்கே ஆளுக்கொரு மைக். கழற்றினால், ‘மைக்கைச் சரியா மாட்டுங்க’ என்று அசரீரி கேட்கும். ரோட்டின் இந்த முனையில் வேண்டாத சத்தத்தைச் சுட்டார்கள், அந்த முனையில் அதைத்தான் விற்கிறார்கள்.

எங்கள் அம்பத்தூர்த் தெருவிலும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. மாடிப் போர்ஷனில் பத்துக்குப் பத்து ரூம், சுவரெல்லாம் முட்டை அட்டை. பையன் கெட்டிக்காரன். ஆனால் பாவம், ஒரு பக்கம் அரக்கோணம் ரயில், மறுபக்கம் எஸ்டேட் பிரஸ் மெஷின். ஆடி மாதம் கூழ் ஊற்ற ஆரம்பித்தால் மைக்செட்காரன் புனல் ஸ்பீக்கரை நேராக இவன் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டுவான். ஆகவே ராத்திரி ஒரு மணிக்குத்தான் ரெக்கார்டிங்.

போன அமாவாசையன்று ஆவடியிலிருந்து ஒரு பெண் பாட வந்திருந்தாள். பகலில்தான் வர முடியுமாம். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அருமையாகப் பாடினாள். பையன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “ஸாரிக்கா, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, ஒன் மோர்” என்றான்.

அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும், “காக்காவா தம்பி?” என்றேன்.

“காக்கா வரல சார். அதான் பிரச்சினை” என்று போட்டுக் காட்டினான். சரணத்துக்கு நடுவில், மொட்டை மாடியில் படையல் இலையோடு நின்றுகொண்டு, கீழ்வீட்டு ஆயா ‘கா... கா...’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுருதி அப்படியே சேர்ந்திருந்தது.