வெல்டிங்குக்கு ஒரு சாமுத்திரிகா லட்சணம்

மூக்கு நீளம், மச்சம் இருக்கும் இடம், கால்விரல் பொருத்தம் எல்லாவற்றுக்கும் பலன் சொல்ல நம்மிடம் சாஸ்திரம் இருக்கிறது. பல்லி விழுந்தால்கூடப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெல்டிங்குக்கு மட்டும் யாரும் லட்சணம் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, ஒரு பட்டறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மூன்று நாள் நடத்திய கள ஆய்வின் முடிவுகள் இவை. (நான் அங்கே செய்யக் கொடுத்த இரும்பு கேட்டை ஒரே நாளில் தருவதாகத்தான் பேச்சு.)

ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மூலையில் முக்கோணமாக உலோகத்தை நிரப்பினால் அது ஃபில்லட். லத்தீனில் நூலைக் குறிக்கும் சொல்லின் வழி வந்த பெயர். ஓட்டலில் முள் எடுத்துத் தரும் மீன் துண்டும் இதற்குப் பங்காளி முறை.

இனி அங்க வர்ணனை. தகடுகளோடு ஒட்டிக் கிடக்கும் இரு பக்கங்களும் லெக், அதாவது கால்கள். வெளியே தெரியும் சாய்வு ஃபேஸ், முகம். அந்த முகம் தகட்டில் போய் முடியும் கோடு டோ, கால்விரல். காது இருக்கவேண்டிய இடத்தில் கால்விரல்! உள்மூலையின் ஆழத்தில் இருப்பது ரூட், வேர். ஆக மேலே ஆள், கீழே மரம். வயிறு எங்கும் இல்லை. நாள் முழுக்க வெல்டிங் ராடு தின்னும் ஜீவனுக்கு இது பெரிய அநியாயம்.

வேருக்கும் முகத்துக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம் த்ரோட், தொண்டை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது இங்கே செல்லாது. எவ்வளவு பளு தாங்கும் என்று கணக்குப் போடுவது தொண்டையை வைத்துத்தான். இரண்டு காலும் சமமாக, மூலை 90 பாகையாக இருந்தால், கால் அளவை 0.707-ஆல் பெருக்கவேண்டும். 6 மி.மீ. காலுக்குத் தொண்டை 4.2 மி.மீ. கன்னம் ஒட்டி முகம் குழிந்திருந்தால் கால் நீளமாக இருந்தும் தொண்டை சிறுத்துவிடும். கன்னம் உப்பியிருந்தால் அந்த உப்பலைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

இதை நேரில் உறுதிசெய்ய, "தொண்டை எவ்வளவுண்ணே வரும்?" என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "புகைக்கு அப்படித்தான் சார் கரகரன்னு இருக்கும். தள்ளி உக்காருங்க. சுடுதண்ணி சொல்லட்டா?"

விளக்கியபின் சிரித்தார். சுத்தியலால் தட்டினார். கறுப்பு ஸ்லாக், அதாவது கசடு, பொருக்குப் பொருக்காக உரிந்து விழுந்தது. அடியில் மீன் செதில் அடுக்கியதுபோல் வரி வரியாகப் பளபளப்பு. "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா சார்?" என்றார்.

இங்கேதான் நம் சாஸ்திரம் சறுக்குகிறது. கால்விரல் ஓரத்தில் தகட்டைக் கரண்டு அரித்த அண்டர்கட் கண்ணில் படும். வேர் வரை உருகிப் பிடித்ததா என்பதை எவ்வளவு லட்சணமான முகமும் சொல்லாது.

அளவிலும் இரு கட்சிகள். அமெரிக்க வரைபடத்தில் 6 என்றால் கால். ஐஎஸ்ஓ வரைபடத்தில் எண்ணுக்கு முன்னே 'இசட்' இருந்தால் கால், 'ஏ' இருந்தால் தொண்டை. தொண்டையே 6 மி.மீ. வேண்டுமென்றால் கால் 8.5 மி.மீ. ஆகவேண்டும். முக்கோணத்தின் பரப்பு இரட்டிப்பாகும், ராடும் அப்படியே. ஓர் எழுத்தைக் கவனிக்காமல் கொட்டேஷன் கொடுத்தவன் பாடு திண்டாட்டம்.

க்ரூவ் வேறு சாதி. இரண்டு தகடுகளை நுனியோடு நுனி வைத்து, நுனிகளைச் சாய்த்துச் சீவி, நடுவில் விழும் பள்ளத்தை நிரப்புவது. ஒரு தகட்டின் சாய்வு பெவல் கோணம். இரண்டும் சேர்ந்தது க்ரூவ் கோணம். 30-ம் 30-ம் 60. அடியில் விடும் சந்து ரூட் கேப். சீவாமல் ஒன்றரை, இரண்டு மி.மீ. விட்டுவைக்கும் விளிம்பு ரூட் ஃபேஸ்; இல்லாவிட்டால் நுனி ஓட்டை விழுந்து ஒழுகிவிடும். கவனிக்க, இங்கே வேருக்கே தனி முகம்.

நிரப்பியபின் தகட்டு மட்டத்துக்கு மேலே புடைத்து நிற்பது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பெயரைப் பார்த்தால் பலம் கூட்டுவதுபோல் இருக்கும். அளவுக்கு மீறினால் கால்விரலில் அழுத்தம் குவிந்து, பளு மாறி மாறி ஏறும் இடங்களில் விரிசல் அங்கேதான் தொடங்கும். பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லாத உறவுக்காரர் எந்தக் குடும்பத்தில் இல்லை?

கேட் செய்யக் கொடுத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை போய்க் கீல் பிடித்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். ராடு எரியும்போது மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்.