புண்பட்ட மாமா

பெங்களூரு மல்லேசுவரத்தில் விடிகாலை சாங்கி ஏரியைச் சுற்றி நடப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரையைக் குறைக்க நடக்கிறார்கள். மாமா மனம் புண்படுவதற்காக நடக்கிறார்.

அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிப் பழகிய கண். மனிதர் ரிட்டயரானாலும் அது ஆகவில்லை. ஏரியிலிருந்து எட்டாவது கிராஸ் வரும்வரை ஒரு விளம்பரப் பலகையையும் விடமாட்டார். பட்டுப்புடவை கட்டிய பெண் என்றால் முதலில் நெற்றி: பொட்டு இருக்கிறதா? இருந்தால் அடுத்து கால்: செருப்போடு கோலத்தை மிதிக்கிறாளா? அதுவும் இல்லையென்றால் முகம் வாடிவிடும். அன்றைய நடை வீண்.

"பாத்தியா, பிள்ளையார் கையில மோதகம் இருக்க வேண்டிய எடத்துல பர்கர்! பத்திரிகையில என்னென்னவோ எழுதறியே, இத எழுதேன்" என்பார். குரலில் துக்கத்தைவிட, தேடியது அகப்பட்ட திருப்திதான் அதிகம்.

புண்படுவதில் அவருக்கு தீட்சை 1996 நவம்பரில். சின்னசாமி ஸ்டேடியத்தில் உலக அழகிப் போட்டி என்றதும் ஊரில் கொடி பிடித்தவர்களில் மாமாவும் ஒருவர். நீச்சலுடைச் சுற்றை மட்டும் சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். "கடல் தாண்டித் துரத்தினோம்ல" என்று இன்றும் மார்தட்டுவார். 23-ஆம் தேதி நிகழ்ச்சியை டிவி முன்னால் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவரும் அவரே. ஆதாரத்துக்காக.

மத உணர்வைப் புண்படுத்துவோருக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 295ஏ அவருக்கு சந்தியாவந்தனம் மாதிரி. 1927-ல் வெள்ளைக்காரன் சேர்த்தது என்பதை மட்டும் நினைவுபடுத்தக் கூடாது. அந்தப் பிரிவில் ஒரு சிக்கல் உண்டு: வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் மாமாவின் மனுவை வாங்கிப் பார்த்தவர், "கெட்ட எண்ணம் எல்லி சார்?" என்று பலகைப் படத்தைத் திருப்பித் திருப்பித் தேடிவிட்டு, "ஆய்த்து, நோடோணா" என்று மடித்து வைத்துக்கொண்டார். 2024 ஜூலையில் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சம்ஹிதை வந்து பிரிவின் எண் 299 ஆகிவிட்டது. "295ஏ-ன்னா ஒரு கம்பீரம் இருந்தது. இது செருப்பு விலை மாதிரி இருக்கே!"

மாமா நொடிந்துபோனது 2018 ஆகஸ்டில். ஊர் முழுக்கத் தொங்கும் ஃப்ளெக்ஸையெல்லாம் இறக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் மாநகராட்சியான பாலிகேயை விரட்டியது. அடுத்த சில நாளிலேயே விளம்பரப் பலகைகளுக்கு ஒரு வருஷத் தடை என்று பாலிகே தீர்மானம் போட்டது. பர்கர் போச்சு, பொட்டில்லாத பெண் போனாள். வெறும் இரும்புச் சட்டங்கள் மட்டும் நின்றன. அதற்குப் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்த குல்மொஹர் மரங்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனிதர், மாமியார் வீட்டுக்கு வந்து சண்டைக்கு ஆள் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி அலைந்தார். சட்டத்துக்குள் தெரிந்த வானத்தை அண்ணாந்து பார்ப்பார். ஆகாயத்தில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? இரண்டு கிலோ இளைத்துவிட்டதாக மாமி சொன்னார்.

2019 மார்ச்சில் சர்ஃப் எக்செல் காப்பாற்றியது. ஹோலிச் சாயத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு, தோழனை வெள்ளை உடை கறைபடாமல் தொழுகைக்கு அனுப்பிவைக்கும் சிறுமியின் விளம்பரம். நாடே கொதித்தது. கொதித்த வேகத்தில் பலபேர் பிளே ஸ்டோருக்குப் போய், சோப்புத்தூளை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்ட் எக்செலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். மாமாவும் போட்டார். இருபது வருஷப் புகார்களை வரிசை எண், தேதி, புண்பட்ட தெய்வம் என்று கட்டம் கட்டி அவர் சேமித்துவைத்திருப்பது அதே எக்செலில்தான் என்று பேரன் சொன்னபோது, "அவன் பேர மாத்திக்க வேண்டியதுதானே!" என்றார்.

2021 தீபாவளிக்கு முன் ஃபேப்இந்தியா தன் புதுத் துணிவரிசைக்கு உருதுப் பெயர் வைத்தது. பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா ட்விட்டரில் கண்டித்தார், விளம்பரம் இறங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷம் மனு எழுதிக் கைவலித்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த எம்.பி.யின் தொகுதியில், ஜெயநகரில் வாடகை எவ்வளவு என்று மட்டும் விசாரித்தார்.

ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. டிவியை அணைக்கலாம், பத்திரிகையைப் புரட்டலாம். நாற்பதடிப் பலகையை யாரும் அணைக்க முடியாது. காடு மல்லேசுவரர் கோயிலுக்குப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டா போவார்? இதைச் சொன்னதும் எனக்கு ஒரு காபி கிடைத்தது.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "மாமா, ஊர் பூரா சாமி பேருல பார் அண்ட் ரெஸ்டாரன்ட் இருக்கே?"

"அது ஓனரோட குலதெய்வம்டா. பக்தி."

"சுவத்துல யாரும் ஒண்ணுக்குப் போகக்கூடாதுன்னு பாலாஜி, ஏசு, மெக்கா எல்லாத்தையும் டைல்ஸா சாக்கடைக்கு மேல ஒட்டிவெச்சிருக்காளே?"

"அதுல பலன் இருக்கு."

"லட்சுமி வெடி?"

காபி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

போன விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் கிராஸ் பையன்கள் மாமாவிடம் பெரிய தொகையாக நன்கொடை கறந்துவிட்டார்கள். கோர்ட் உத்தரவாவது ஒன்றாவது, முனையில் பதினைந்தடி ஃப்ளெக்ஸ். வலது மூலையில், ஆதார் கார்டு அளவில் பிள்ளையார். மீதி இடமெல்லாம் கைகூப்பியபடி மாமா. காலை நடையில் அதன் எதிரே நின்றார். நெற்றியைப் பார்த்தார், விபூதி இருந்தது. காலைப் பார்த்தார், இடுப்புக்குக் கீழே படம் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"என்ன மாமா, புண்பட்டுடுத்தா?"

"பின்ன? இனிஷியல விட்டுட்டானே!"