முழுமையாக ஏற்கிறேன்

1983இல் நர்சிங் நேர்முகத்துக்குப் பூதலப்பட்டில் பஸ் ஏறும்போது அப்பா ஒரே ஒரு வாக்கியத்தை உருப்போட வைத்தார்: “ஏழைகளுக்குச் சேவை செய்ய வந்தேன்.” எனக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் அதையேதான் சொன்னார்கள். டாக்டர் சீட்டு கிடைக்காதவள், கல்யாணத்துக்குப் பயந்து வந்தவள், ஹாஸ்டலில் மூன்று வேளை சோறு உண்டென்று வந்த நான், எல்லோருமே ஏழைகள் பேரைச் சொல்லி உள்ளே போனோம். எந்த ஏழை என்று கேட்டிருந்தால் எங்களைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

சித்தூரைத் தாண்டினால் வேலூர். அங்கே 1946லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது. “ஊசி போட எதுக்குடி டிகிரி?” என்று வீட்டில் டிப்ளமோவில் சேர்த்தார்கள். அந்த ஊசியைப் போடுவதற்கு முன்னால் வேகவைக்க வேண்டும். மழுங்கிய முனையைக் கல்லில் தீட்டிப் பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். நூல் சிக்கினால் மறுபடி தீட்டு. கஞ்சி போட்ட தொப்பியை முதன்முதலாக வைத்துக்கொண்டு வார்டுக்குப் போன அன்று, குனிந்தேன், தொப்பி கிட்னி டிரேயில் விழுந்தது. பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்தாள், நானும் சிரித்தேன். டியூட்டர் என் ரெக்கார்டில் எழுதினார்: ஆட்டிட்யூட் சரியில்லை.

இப்போது தம்பி மகள் திருப்பதியில் பி.எஸ்சி. கடைசி வருஷம். 2021 பாடத்திட்டம், எட்டு செமஸ்டர், கிரெடிட் கணக்கு. முதல் ஊசியை ரப்பர் கையில் குத்துகிறார்கள். அலறாத, திட்டாத நோயாளி! அவள் தலையணைக்கடியில் ஜெர்மன் புத்தகம். “எங்க காலத்துல சேவைன்னா...” என்று ஆரம்பித்தேன். சவூதிக்குப் போக நான் எடுத்து, காலாவதியாகிப்போன பாஸ்போர்ட்டை அவள் பீரோவில் பார்த்திருக்கிறாள். நிறுத்திக்கொண்டேன்.

அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பு, மாணவிகளின் மனோபாவமும் மதிப்பெண்ணும். என் ரெக்கார்டில் ஒரு வரியாக இருந்தது இன்று முப்பது கேள்விகள். நைட்டிங்கேல் அம்மையாரை 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்தது. இந்தக் கேள்விகளைப் பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். எங்களுக்கு அவருடைய விளக்கை மட்டும்தான் காட்டினார்கள், வரைபடங்களைக் காட்டவில்லை.

“அத்தே, வெள்ளோட்டத்துக்கு நீ ஒரு கேள்வித்தாள் போட்டுக் கொடேன்.”

‘நர்சிங் புனிதமான தொழில்.’ முழுமையாக ஏற்கிறேன். அவள் வகுப்பிலும் அத்தனை பேரும் அங்கேதான் டிக் போடுவார்களாம், ஜெர்மன் படிப்பவள் உட்பட. ‘நர்சுகளைச் சமூகம் மதிப்பதில்லை.’ அதையும் முழுமையாக ஏற்றேன். எதிர்மறை வாக்கியத்துக்கு மதிப்பெண் தலைகீழாம். புனிதத்தில் வாங்கிய ஐந்து, இங்கே ஒன்றாகிவிட்டது.

கடைசிக் கேள்வி: ‘உங்கள் வீட்டுப் பெண்ணை இந்தப் படிப்பில் சேர்ப்பீர்களா?’

அவள் முகத்தைப் பார்த்தேன். பேனா நடுக்கட்டத்துக்குப் போயிற்று.

“அய்யோ அத்தே, நடுவுல போடாதே! எல்லாரும் அங்கயே போட்டா எனக்குக் கணக்கு வராது.”