பழைய தேனடையிலிருந்து மெழுகெடுத்தல்: பெங்களூரு சமையலறையை முன்வைத்து ஓர் ஆய்வு

தேன்மெழுகு, இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் உள்ள நான்கு இணைச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில்களாக வெளிப்படுகிறது. வெளிப்படும்போது அதற்கு ஏறக்குறைய நிறமே கிடையாது. அதில் கட்டிய அடையில் சில தலைமுறைப் புழுக்கள் வளர்ந்து வெளியேறியதும் அது மஞ்சளாகி, பழுப்பாகி, இறுதியில் டிகாக்‌ஷன் இறங்கிய காபித்தூளின் நிறத்தை அடைகிறது. ஒவ்வொரு புழுவும் அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும் பட்டு உறை, அதன் கழிவு, மகரந்த மிச்சம் ஆகியவையே இந்தக் கருமைக்குப் பொறுப்பு. மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உருகிய மெழுகை அந்த உறைகள் உறிஞ்சிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் இத்துறையின் ஆதாரச் சிக்கல்.

பெங்களூருவில் மூலப்பொருள் இரு வழிகளில் கிடைக்கிறது. ஜிகேவிகே வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்று, மொட்டை மாடியில் அடுக்குத் தேனீப் பெட்டி வைத்திருப்போர் கறுத்த அடைகளை அவ்வப்போது கழிக்கிறார்கள். இது முதல் வழி. இரண்டாவது, அடுக்குமாடிக் கட்டடங்களின் பால்கனித் தளத்துக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் மலைத்தேனீ கட்டும் ஒற்றைப் பேரடை. மலைத்தேனீ ஊர்விட்டு ஊர் போகும் இனம். பருவம் முடிந்ததும் அடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடும். ஏழாம் மாடித் தளத்தின் அடிப்பக்கத்தில், ஆறாம் மாடி ஜன்னலுக்கு எதிரே தொங்கும் காலி அடை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குக் குடியிருப்போர் சங்க விதிகளில் விடை தேடுவது வீண். தேனீக்கள் குடியிருக்கும் அடை இக்கட்டுரையின் வரம்புக்குள் வராது. மருந்தடித்து விரட்டிய அடையும் வராது. எண்ணெயில் கரையும் நஞ்சுகளை மெழுகு பிடித்து வைத்துக்கொள்ளும், உருக்கினாலும் விடாது.

கிடைத்த அடையைப் பரணில் போட்டு வைப்பது மெழுகு அந்துப்பூச்சிக்கு விருந்து வைப்பதாகும். சில வாரங்களில் அடை முழுக்க நூலாம்படைச் சுரங்கமாகி, தொட்டால் உதிரும். உறைகுளிரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும் என்பது உறுதியான அறிவியல். ஃப்ரீசரில் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் அதற்கு இடம் கேட்பது வேறு துறை.

உருக்குவதற்கு முன் அடையை உடைத்து ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தேன் மிச்சம் கரையும் என்பது சிறிய பயன். உறைகள் தண்ணீரைக் குடித்து நிரம்பிவிடுவதால் பிறகு மெழுகைக் குடிக்க அவற்றில் இடம் இருக்காது என்பதே பெரிய பயன். ஊறியதைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே மிதக்காமல் கல் வைத்து அமுக்கி, தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்குவது மரபு.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் பெங்களூரு மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. இந்நகரின் பல வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு. அறிஞர்களும் அதன்படியே மூன்று கட்சி. போர்வெல் கட்சி எளிமையை நாடுவது; அதன் தோல்வியும் எளிதில் விளங்கக் கூடியது. தேன்மெழுகில் இயற்கையாகவே உள்ள அமிலங்கள் கடின நீரின் கால்சியத்தோடு கூடிச் சோப்பைப் போன்ற ஒன்றாக மாற, மெழுகு கட்டியாக உறையாமல் பஞ்சுபோலப் பொதபொதவென்று நிற்கும். ஒரு கரண்டி வினிகர் விட்டால் ஓரளவு மீளும். டாங்கர் தண்ணீர் பெரும்பாலும் வேறொருவர் போர்வெல்லின் தண்ணீரே என்பதால் அதற்குத் தனிக் கட்சி தேவைப்படவில்லை. காவிரிக் கட்சியின் மெழுகு நன்றாக உறையும். ஆனால் அந்தத் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுவது; அதில் தேனீயின் பழந்துணி வெளுப்பது தகுமா என்ற அறக்கேள்வி எழுகிறது. 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. மெழுகு பற்றி அதில் பேச்சில்லை. காவிரி குறித்துத் தமிழில் இதற்கு மேல் எழுதாமல் நிறுத்திக்கொள்வது ஆய்வின் நடுநிலைக்கு நல்லது. மூன்றாவதான மழைநீர்க் கட்சி கால்சியமும் வழக்கும் இல்லாதது. 2009-இல் வந்த சட்டத் திருத்தத்தால் மழைநீர்ச் சேகரிப்பு பல வீடுகளில் கட்டாயமாகியும், தொட்டியில் மழைநீர் இருக்கும் நாளும் பரணில் அடை இருக்கும் நாளும் ஒத்துவருவது அரிது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கலாம். இரும்பும் செம்பும் பித்தளையும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். அடுப்பு சிறு தீயில் எரிய வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆயினும் மெழுகுக்கு அதுவே அதிகம். 85-ஐத் தாண்டினாலே நிறம் மங்கத் தொடங்கும். தண்ணீரில்லாமல் நேரடியாகத் தீயில் வைத்தால் எண்ணெய்ச் சட்டியைப் போலவே பற்றிக்கொள்ளும். மூட்டையைக் கரண்டியால் அமுக்க அமுக்கப் பொன்னிறத் துளிகள் பிரிந்து மேலே வந்து கூடும். இந்தக் கட்டத்தில் ஜன்னல் திறந்திருந்தால் வாசனை பிடித்துப் பக்கத்துத் தேனீக்கள் வந்து சேரும். ஜன்னலை மூடினால் வீட்டார் வெளியேறுவர். இரண்டில் எது மேல் என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது.

மூட்டையை எடுத்துவிட்டு, பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாகக் குளிர்ந்தால் வில்லை வெடிக்கும், அழுக்கும் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். மெழுகு தண்ணீரைவிட லேசு என்பதால் காலையில் மேலே வட்டமாக உறைந்திருக்கும். அதன் அடிப்புறத்தில் ஒட்டிய சாம்பல் நிற வண்டலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, இன்னொரு முறை உருக்கி மெல்லிய துணியில் வடித்தால் வேலை முடிந்தது. கூடை நிறைய அடை போட்டவர் கையில் உள்ளங்கையளவு வில்லை மிஞ்சும். இது தோல்வியின் அடையாளமாகாது. கறுத்த அடையில் எடையின் பெரும்பகுதி உறைகளே. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்களுக்குப் பல கிலோ தேன் செலவாகிறது என்பதால், அந்த வில்லைக்குக் கடைவிலை ஒட்டிப் பேசுவது அவ்வளவு நாகரிகமில்லை.

பயன்களில் உயர்ந்தது சுவாமிமலையில் இருக்கிறது: அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கிறார்கள். வீட்டு வில்லைக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை. பித்தவெடிப்புக் களிம்பு, ஊசிநூலுக்குப் பூச்சு, மர அலமாரிக்கு மெருகு, சிக்கிக்கொள்ளும் ஜிப் என்று அதன் காலம் கழிகிறது. பெட்டி வைத்திருப்போர் காலிப் பெட்டியின் உட்புறத்தில் தேய்த்துப் புதிய கூட்டத்தை அழைப்பதும் உண்டு.

மூட்டையில் எஞ்சும் கறுப்புச் சக்கை பூந்தொட்டி உரத்தில் சேரும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைக்க வேண்டும். வெந்நீர் விட்டுச் சிங்க்கில் ஊற்றினால் மெழுகு குழாயின் வளைவு வரை திரவமாகப் போய், அங்கே உறைந்து, பிளம்பர் வரும்வரை காத்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பில் ஒரு மங்கலான வளையம் தங்கிவிடுவதால், அந்தப் பாத்திரம் மீண்டும் சாம்பாருக்குப் பயன்படுவதில்லை.